பாங்காக்கோடு நிற்பவர்களும் பாங்காக்கைத் தாண்டுபவர்களும்

1. சாப்பிடாத சாப்பாடு

மலிவு விலை விமானம் ரங்கூனுக்கு வந்த மாதம் ஹமீது பாய் எங்கள் கவுன்ட்டருக்கு வந்தார். டிக்கெட் வாங்க வரவில்லை. இனிமேல் எங்களிடம் வாங்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டுப் போக வந்தார்.

நான் அப்போது ஒரு பெரிய வெளிநாட்டு விமான கம்பெனியின் ரங்கூன் டவுன் ஆபீஸில் சீனியர் டிக்கெட்டிங் ஸ்டாஃப். பதினைந்து வருட சர்வீஸ். எங்கள் விமானம் தினமும் பாங்காக் போய்த் திரும்பும். அங்கிருந்து உலகத்தின் எந்த மூலைக்கும் எங்களிடம் கனெக்‌ஷன் உண்டு. ஹமீது பாய் துணி வியாபாரி. பூர்வீகம் கீழக்கரைப் பக்கம். சரக்கெடுக்க மாதம் ஒருமுறை பாங்காக் போவார், எப்போதும் எங்கள் விமானத்தில்தான்.

“அவன் பாதி விலைக்குக் கொடுக்குறான், மவளே. போய்ச் சேர ஒண்ணேகால் மணி நேரம். அதுக்கு மேல எனக்கு என்ன வேணும்?” என்றார்.

எங்கள் பேகேஜ் அளவைச் சொன்னேன். சீட் அகலத்தைச் சொன்னேன். கடைசியாக, “ஒவ்வொரு தடவையும் உங்களுக்குன்னு முஸ்லிம் மீல் போட்டு வைப்பேனே, பாய்” என்றேன்.

அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். “கோவிச்சுக்காதே. அதை நான் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. வீட்டுல சாப்பிட்டுட்டுத்தான் ஏறுவேன். நீ ஆசையாப் போடுறியேன்னு சொல்லாம இருந்தேன்.”

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. வாடிக்கையாளர் போனது வருத்தம்தான். ஆனால் அவருக்கு என்ன வேண்டும் என்று இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை என்பதுதான் அதைவிட உறுத்தியது.

2. மா ஏ போனாள்

தலைமை அலுவலகம் செய்த முதல் காரியம், விலையை மலிவு விலை கம்பெனிக்குச் சமமாகக் குறைத்தது. விமானம் நிரம்பியது. எங்களுக்கும் சந்தோஷம். ஆனால் நிரம்பிய விமானம் நஷ்டத்தில் பறந்தது என்று சில மாதம் கழித்துத்தான் சொன்னார்கள். ஆபீஸில் ஐந்து பேர் இருந்தோம், நாலாகக் குறைக்க உத்தரவு வந்தது. சர்வீஸ் குறைந்தவள் மா ஏ. அம்மா தமிழ், அப்பா பர்மியர். என்னிடம் மட்டும் தமிழில் பேசுவாள். அவளைத்தான் நிறுத்தினார்கள்.

மூன்றாம் வாரம் அவள் அந்த மலிவு விலை கம்பெனியின் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தாள். மற்ற ஊர்களில் அவர்கள் இன்டர்நெட்டிலேயே விற்றார்கள். எங்கள் ஊரில் யாரிடமும் கிரெடிட் கார்டு கிடையாது, அதனால் இங்கே ஒரு சின்னக் கடை போட வேண்டியிருந்தது. எங்கள் ஆபீஸிலிருந்து இரண்டு தெரு தள்ளி.

எங்கள் ஆட்கள் அவளைத் துரோகி என்றே பேசினார்கள். நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். இருவர் வீடும் தின்கன்ஜூன் பகுதியில். ஒரே பஸ். ஸ்டாப்பில் அவள் நிற்பதைப் பார்த்தால் அந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் போவேன். வேலையை இழந்தவள் அவள். முகத்தைத் திருப்பிக்கொண்டவள் நான். இதை எழுதும்போது இன்றும் வெட்கமாக இருக்கிறது.

3. ஒரு போன்

ஐந்தாறு மாதம் கழித்து அவளே போன் செய்தாள். நலம் விசாரிப்பு எதுவும் இல்லை.

“அக்கா, இங்க ஒரு அம்மா வந்திருக்காங்க. வீட்டுக்காரரை ஹார்ட் ஆபரேஷனுக்கு மெட்ராஸ் கூட்டிட்டுப் போறாங்க. எங்க டிக்கெட்ல பாங்காக் வரைக்கும் போயி, அங்கேருந்து வேற கம்பெனியில போலாம்னு யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க. தாய்லாந்து விசா இல்ல. பெட்டிய எடுக்க வெளிய வரவே முடியாது.”

எனக்கு உடனே புரிந்தது. தனித்தனி டிக்கெட் என்றால் பாங்காக்கில் இமிக்ரேஷனைத் தாண்டிப் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். பர்மா பாஸ்போர்ட்டுக்கு விசா இல்லாமல் அது நடக்காது. வீல்சேரில் ஒரு இதய நோயாளியும் அவர் மனைவியும் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள்.

“உங்ககிட்ட அனுப்புறேன்” என்றாள்.

“உங்க மேனேஜருக்குத் தெரிஞ்சா?”

“திட்டுவார். அந்தம்மா அங்க போயி நின்னா, டிக்கெட் எழுதினவ நான்தானே?”

பத்து நிமிடத்தில் அந்த அம்மா வந்தார். ரங்கூனிலிருந்து மெட்ராஸ் வரை ஒரே டிக்கெட் போட்டேன். பெட்டி நேராக மெட்ராஸ் போக டேக், இரண்டு விமானத்துக்கும் வீல்சேர், டாக்டர் கையெழுத்திட வேண்டிய மெடிக்கல் ஃபாரம் எல்லாம் ஏற்பாடு செய்தேன். ஆபரேஷன் தள்ளிப்போகலாம், அதனால் திரும்பும் தேதியை மாற்றிக்கொள்ளும்படி வைத்தேன். இரண்டு மாதம் கழித்து அந்த இதய நோயாளி தானே நடந்து எங்கள் ஆபீஸ் படியேறி வந்து நன்றி சொன்னார்.

அவர் போனதும் மா ஏவின் கவுன்ட்டருக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அன்று இருவரும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போனோம். நாங்கள் விலையைச் சமமாக்கியதும் அவர்கள் இன்னும் இறக்கியிருந்தார்கள். அதன் பிறகு, பாங்காக்கில் துணிமணி வாங்கிவிட்டு மறுநாள் திரும்புகிறவர்கள் விலையைக் கேட்டுத் தயங்கினால், “ரெண்டு தெரு தள்ளிப் போங்க, அங்க இன்னும் கம்மி” என்று சொல்ல ஆரம்பித்தேன்.

4. சயாவின் அறை

இப்படிப்பட்ட விஷயம் மறைந்திருக்காது. ஒரு டிராவல் ஏஜென்ட் எங்கள் மேனேஜர் காதில் போட்டுவிட்டார். மேனேஜர் ஊ சோ மிண்ட் அதிர்ந்து பேசாதவர். அவரை எல்லோரும் சயா என்றுதான் கூப்பிடுவோம், பர்மிய மொழியில் ஐயா என்கிற மாதிரி. அன்று கதவைச் சாத்தச் சொன்னார்.

“எங்க சம்பளத்தை வாங்கிக்கிட்டு அவங்களுக்கு வித்துக் கொடுக்கிறியா?”

என் கணவருக்கு அப்போது வேலை இல்லை. வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். ஒரு அரைமணி நேரம் கொடுங்கள், பிறகு என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்று கேட்டு, கடந்த மூன்று மாத டிக்கெட் நகல்களைக் கொண்டுவந்து அவர் மேஜையில் இரண்டாகப் பிரித்து வைத்தேன். பாங்காக்கோடு நிற்பவர்கள் ஒரு பக்கம். பாங்காக்கைத் தாண்டுபவர்கள் மறுபக்கம். இரண்டாவது பக்கத்தில் நோயாளிகள் இருந்தார்கள், வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகள் இருந்தார்கள், கப்பலில் சேரப் போகும் மாலுமிகள் இருந்தார்கள். முதல் கட்டு இரண்டாவதைப் போல மூன்று மடங்கு உயரம்.

ரங்கூன் துறைமுகத்தை ஒட்டிய அலோனில் மாலுமிகளை அனுப்பும் ஏஜென்சி நடத்திய ஒரு பழைய கேப்டனைப் பற்றிச் சொன்னேன். ராட்டர்டாமில் கப்பலேற பதினோரு பேருக்கு அவர் சீட் கேட்டிருந்தார். ஃபுல் என்று சொல்லிவிட்டேன். அந்த விமானத்தை முன்கூட்டியே நிரப்பியிருந்தவர்கள், குறைத்த விலையில் பாங்காக் வரை மட்டும் போனவர்கள். நமக்காகவே வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, நம்மிடம் நிற்காதவர்களுக்கு இடம் கொடுக்கிறோம் என்றேன்.

சயா ஒவ்வொரு நகலாகப் புரட்டினார். பிறகு, “இதை ஏன் முன்னாடியே சொல்லல?” என்றார்.

“நீங்க கேட்கல, சயா. நானும் யாரையும் கேட்காமத்தான் இருந்தேன்.”

என்னை வேலையிலிருந்து எடுக்கவில்லை. அவர் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். முதலில் மறுத்தார்கள், ஆபீஸையே மூடிவிடலாமா என்றுகூடப் பேசினார்கள். மறுபடி எழுதினார். ஒரு சீசன் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். விலைப் போட்டியை நிறுத்தினோம். தாண்டிப் போகிறவர்களுக்கென்று சீட் ஒதுக்கினோம். நானும் சயாவும் ஏஜென்சி ஏஜென்சியாகப் படியேறி, மாலுமிகளுக்குத் தனிக் கட்டணம், கூடுதல் பேகேஜ், கப்பல் தாமதமானால் தேதி மாற்றம் என்று பேசினோம். கேப்டன் முதலில் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் தடவை போனபோது பதினாலு பேர் பட்டியலைக் கொடுத்தார்.

சீசன் முடிவில், ஆபீஸை மூடும் பேச்சை நிறுத்தினார்கள். ஆனால் விமானம் சிறியதாயிற்று. நாலு பேர் இருந்த ஆபீஸ் மூன்று பேரானது. மேனேஜர் பதவியைப் பாங்காக்கோடு சேர்த்துவிட்டார்கள். சயா முன்கூட்டியே ஓய்வு பெற்று, சொந்த ஊரான கியாக்தானுக்குப் போய்விட்டார்.

5. கியாக்தான்

சயா தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிய கடிதங்களின் நகல் ஒரு வருடம் கழித்து என் கைக்கு வந்தது. மேனேஜர் பதவி இனி தேவையில்லை என்ற யோசனையை எழுதியிருந்ததே அவர்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். வீட்டின் முன்னால் சின்னதாக ஒரு கடை. மீன் வலைக்கு நூல் விற்றுக்கொண்டிருந்தார். ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“ஒரு ஆளைக் குறைக்கணும்னு சொல்லிட்டாங்க. டிக்கெட் எழுதத் தெரிஞ்சவங்க மூணு பேர் இருந்தீங்க. எழுதத் தெரியாதவன் நான் ஒருத்தன்தான்” என்றார். சொல்லிவிட்டு, காத்திருந்த ஒருவருக்கு நூலை அளந்து கொடுக்கத் திரும்பினார்.

பெரிய கம்பெனிகள் மலிவு விலைக்காரர்களிடம் தாக்குப்பிடிக்குமா என்று இளைய சகாக்கள் கேட்கிறார்கள். பிடிக்கும். எல்லோரையும் தன் பயணி என்று நினைப்பதை விட்டு, இறங்கிய பிறகு எங்கே போகிறீர்கள் என்று கேட்கப் பழகினால் பிடிக்கும். ஆனால் சிறுத்துத்தான் பிழைக்க முடியும். அப்படிச் சிறுக்கும்போது யாரோ ஒருவர் வெளியே போகிறார். நான் ஓய்வு பெறும்வரை மாதச் சம்பளம் வாங்கியது, அப்படி ஒருவர் தானாகப் போனதால்தான்.