காலி அண்டாவோடு வந்த கார்

என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த காரில் பதினாலு இஞ்ச் வீலைக் கழற்றிவிட்டுப் பதினாறு இஞ்ச் அலாய் வீல் மாட்டினேன்.

வேடசந்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த தங்கச்சிக்கு ஏழாம் மாசம் வளைகாப்பு. முதல் பிள்ளை வயிற்றிலேயே கலைந்து, ரொம்ப நாள் கழித்துத் தங்கிய பிள்ளை. வளையல் போட்டதும் அண்ணன்காரன்தான் அவளைச் சாணார்பட்டிக்கு, எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். சம்பந்தி வாசலில் என் வண்டி கெத்தாக நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

வீல் பெரிசானால் டயர் மெலிசாகிவிடும். திண்டுக்கல் டயர் கடைக்காரர் மறைக்காமல்தான் சொன்னார். "பார்க்க அம்சமா இருக்கும்ணே. ஆனா குழியில விட்டா அம்புட்டு அடியும் உள்ள இருக்கவங்க இடுப்புக்குத்தான்."

"ஓட்டுறது நானா நீங்களா? மாட்டுங்க" என்றேன்.

வளைகாப்பன்று மாப்பிள்ளை குனிந்து வீலைத் தட்டிப் பார்த்தார். "என்ன மச்சான், ரேஸுக்கா போறீக?" எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த ஊர் ரோட்டை மில் பஸ்கள் ஓடியே நாசமாக்கியிருந்தன. முதல் குழியிலேயே வண்டி கல்லில் மோதியதுபோல் இடித்தது. பின்சீட்டில் அம்மாவோடு உட்கார்ந்திருந்த தங்கச்சியின் கை வளையல்கள் மொத்தமாகக் குலுங்கின. மெதுவாக உருட்டினேன். அப்போதும் இடித்தது. கட்டுச்சோறு கொண்டுபோன காலி அண்டாக்கள் டிக்கியில் உருண்டன.

"நிப்பாட்டுண்ணே. அடிவயிறு இழுக்குது. நான் பஸ்ல வாரேன்."

நிப்பாட்டினேன். வாயையும் மூடியிருக்கலாம். "ஊருல இல்லாத புள்ளையவா சுமக்குற? உனக்காகத்தானடி இம்புட்டும் மாட்டுனேன்!" என்று நடுரோட்டில் கத்தினேன்.

பொய். எனக்காகத்தான் மாட்டினேன். முதல் பிள்ளை போனது தெரிந்தும் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

அவள் இறங்கினாள். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். பஸ்ஸுக்குப் பின்னாலேயே அண்டாக்களோடு நான் போனேன். பின் கண்ணாடி வழியாக யார் யாரோ என் வீலைப் பார்த்தார்கள். அவள் திரும்பவே இல்லை.

நல்ல வேளை, பிள்ளை சுகமாகப் பிறந்தது. அதற்கு முன்பே, வளைகாப்பு நடந்த வாரமே, பழைய அளவு வீலையே மாட்டிவிட்டேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

ஐந்தாம் மாசம் பிள்ளையோடு அவள் புருஷன் வீட்டுக்குக் கிளம்பினாள். வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தினேன். "பழைய வீலுதான். இப்ப இடிக்காது, ஏறு" என்றேன்.

"தெரியும்ணே. தொட்டிலையும் பையையும் ஏத்திக்க."

பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். நான் தொட்டிலை ஏற்றினேன்.