பெண்ணையாற்றுக்கு அக்கரையில் என் மேற்படிப்பு

எம்.எஸ்ஸி. ஆராய்ச்சிக்கு எந்த ஏரியை எடுத்துக்கொள்கிறாய் என்று பேராசிரியர் கேட்டபோது, பாகூர் ஏரி என்று சொன்னேன். காரணம் ஒன்றுதான்: அது பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. என்னோடு படித்தவர்களில் ஒருவன் லண்டனுக்குப் போயிருந்தான். நானும் வெளிநாட்டில் படித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாமே! பாளையங்கோட்டையில் அப்பா வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டு, "இந்தா கடலூர்ப் பக்கத்துலதான இருக்கு" என்று நிம்மதியாகச் சம்மதித்தார்.

கடலூரில் ரயிலை விட்டு இறங்கி மாட்டுவண்டி பிடித்தேன். கையில் பிரெஞ்சுப் பாடப்புத்தகம். பெண்ணையாற்று மணலில் இறங்கி ஏறியது வண்டி. அதற்கப்புறமும் கரும்பு, நெல், மறுபடி கரும்புதான். பொறுக்கமாட்டாமல் வண்டிக்காரரிடம் கேட்டேன்.

"பிரெஞ்சு தேசம் எப்ப வரும்?"

"அது வந்து எவ்ளோ நேரமாச்சு! தூங்கினு இருந்தியாம்மா?"

நான் கண்ணைக்கூட மூடவில்லை.

பாகூரில் பேராசிரியருக்குத் தெரிந்த நிலக்காரர் ஒருவரின் வீட்டில் எனக்கு ஓர் அறை ஏற்பாடாகியிருந்தது. அவரே வாசலுக்கு வந்து என் டிரங்குப் பெட்டியைத் தூக்கினார். கைப்பிடி பிய்ந்து கையோடு வந்துவிட்டது. மனிதர் பதறிப்போனார். அவரைச் சமாதானப்படுத்துவதற்காக எங்கள் ஊர் வழக்கப்படி, "அந்தச் சவத்த விடுங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

அவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். கதவோரம் நின்ற அவருடைய மருமகள் கிசுகிசுத்தாள்.

"மாமா, பொட்டியில இன்னா இருக்குதாம்?"

"சவமாம்."

வாசலிலேயே பெட்டியைத் திறந்து புடவைகள், புத்தகங்கள், செடிகளை அழுத்திக் காயவைக்கும் பலகைகள் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். எரிச்சலூட்டும் எதையும் சவம் என்பது எங்கள் சீமைப் பேச்சு என்று விளக்கியும் பார்த்தேன். நிலக்காரர் பாதிதான் நம்பினார். மருமகள், மாமனார் எதிரில் நிற்கிறார் என்பதையும் மறந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். மறுநாள் அடுப்படியிலிருந்து அவள் குரல் கேட்டது: "அக்கா, இந்தச் சவம் எரியவே மாட்டேங்குது!"

அவள் என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். புருஷன் சைகோனில் வேலையாக இருந்தான். நான் ஏரிக்குக் கிளம்பும்போதெல்லாம் அவளுக்கும் துவைக்கத் துணி இருந்தது. துவைத்த துணியையே மறுபடி துவைக்கிறாள் என்பதை நான் கண்டுகொள்ளவில்லை.

ஏரிக்கரையில் ஒரு நாள் சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரர் ஒருவர் எதிரே வந்தார். பல நாள் பாடம் செய்ததை எடுத்துவிட்டேன். "போன்ழூர், மொசியே!"

அவர் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். "இன்னாம்மா, தமிழ் வராதா உனக்கு?"

"வரும்."

"அப்புறம் இன்னாத்துக்கு இந்தத் தொல்ல?"

அன்றோடு என் பிரெஞ்சு முடிந்தது. அதைவிட அவசரமாகக் கற்றுக்கொள்ள வேண்டியதாக அந்த ஊர்த் தமிழ் இருந்தது. வாரியல் கேட்டால் யாருக்கும் புரியவில்லை. தொடப்பம் என்று கேட்க வேண்டும். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் கேட்டால் முழித்தார்கள். பெரிய படிப்பு என்றாலே வைத்தியம் என்று நினைத்து, வயதானவர்கள் என்னிடம் வந்து நாக்கை நீட்டினார்கள். முதல் சில வாரங்கள் மத்தியான வேளைகளில் அறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். மருமகள் கதவைத் தட்டி, "அக்கா, கரும்பு வெட்டினு வந்திருக்காங்க, வா" என்பாள். கரும்பைக் கடித்துக்கொண்டு அழுவது சிரமம்.

சித்திரை வாக்கில், காய்ந்த செடிகளைப் பேராசிரியரிடம் காட்டப் புறப்பட்டேன். கடலூரில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவளும் வண்டியில் ஏறினாள். ஆற்றைத் தாண்டியதும் இங்கிலீஷ்காரன் சுங்கச்சாவடி. உள்ளே போகும்போது என்னை ஏனென்று கேட்காதவர்கள், வெளியே வரும்போது வண்டியை நிறுத்தி, "மூட்டையில என்ன?" என்றார்கள்.

"ஏரியில முளைச்ச செடி."

சாவடிக்காரர் நம்பவில்லை. கட்டை அவிழ்த்து, காகிதத்தைத் தாள் தாளாகப் புரட்டினார். அந்த நேரம் பார்த்து ஆற்றுக்காற்று வீசியது. அல்லி ஒரு பக்கம், நீர்முள்ளி ஒரு பக்கம், பாசியெல்லாம் பொடிப்பொடியாக மேலே பறந்தன. நான் கத்திய கத்தலில் சாவடிக்காரர்கள் மூன்று பேரும் என்னோடு மணலில் ஓடி ஓடிப் பொறுக்கினார்கள். பாதிகூடத் தேறவில்லை. பரிதாபப்பட்டு, வேறு எதையும் சோதிக்காமல் அனுப்பிவிட்டார்கள்.

வண்டி கொஞ்ச தூரம் போனதும் மருமகள் பெருமூச்சு விட்டாள். புடவை மடிப்புக்குள்ளிருந்து புதுச்சேரிப் பட்டு இரண்டை உருவினாள்.

"தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கினதுக்கா. எப்டித் தாண்டப் போறேன்னு பயந்துனே வந்தேன்."

எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "ஏளா, என் படிப்பே காத்துல போச்சு!"

"அழுவாதக்கா. ஏரி எங்க போயிடும்?"

பேராசிரியரும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார், கொஞ்சம் கடுமையாக. மழைக்காலத்தில் திரும்பிப் போனேன். அறைக்கதவைத் திறந்ததுமே மூக்கைப் பொத்த வேண்டியிருந்தது. நான் வருவதற்குள் எனக்குச் செடி சேர்த்துவைக்க வேண்டும் என்று, மருமகள் கைக்குக் கிடைத்ததையெல்லாம் பறித்து ஈரத்தோடு சாக்குகளுக்கு நடுவே அடுக்கி, மேலே அம்மிக்கல்லை ஏற்றி வைத்திருந்தாள். எல்லாம் அழுகிக் கூழாகியிருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் நானே போய்க் கூடையை எடுத்துவந்தேன். இரண்டு பேருமாகக் கூடையில் அள்ளிக்கொண்டு போய்த் தோட்டத்து வாழைக்குக் கொட்டினோம். அந்த வருஷம் வாழை நன்றாகக் குலை தள்ளியதாக நிலக்காரர் பிறகு திருப்தியோடு சொன்னார்.

மறுநாளே வேலையை முதலிலிருந்து ஆரம்பித்தோம். இந்தத் தடவை துணிமூட்டை இல்லாமலே அவள் வந்தாள். மாமனாரும் எதுவும் கேட்கவில்லை. ஏரி நிரம்பியிருந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் நான் பறித்துக் கொடுக்க, அவள் கரைக்கும் தண்ணீருக்குமாக நடந்தாள். தூறல் விழ ஆரம்பித்தது. கரைக்குப் போய்விடலாமா என்று கேட்டேன். தூரத்தில் வெள்ளையாக எதுவோ பூத்திருந்ததைக் காட்டி, "அத்த உட்டுட்டா போவே?" என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கினாள்.