சோலையம்மாள் செய்த கொலைகள்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சோலையம்மாள் ‘வேலை செய்யாதவர்’. கணக்கெடுக்க வந்த வாத்தியார் அப்படித்தான் குறித்துக்கொண்டு போனார். 1991ஆம் வருஷம் அது. அப்போது சோலையம்மாள் மாதம் ஒருவரைக் கொன்றுகொண்டிருந்தார்.

துப்பறியும் மாத நாவல்களில்தான். ராமநாதபுரத்துக்கு வெளியே, கருவேலங்காட்டை அழித்து எழுந்த எங்கள் காலனியில், மொட்டைமாடியில் காயும் முண்டு மிளகாய் வத்தலுக்குக் காவல் இருந்தபடியே எழுதுவார். ஒரு கையில் பேனா, மறுகையில் காக்கை விரட்டும் குச்சி. கொலை ஆயுதங்களைத் தேடி வெளியே அலைவதில்லை. பூச்சிமருந்து, அம்மிக்குழவி, பம்புசெட்டு ஒயர் போதும். கொலையாளி எப்போதும் சொந்தக்காரர். "அசலான் எதுக்குண்ணே கொல்லப்போறான்? அவனுக்கென்ன பங்கா வரப்போகுது?" என்பார், பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம். ஆனால் கோழி அறுக்க என் மனைவியைத்தான் கூப்பிட வேண்டும். "ரத்தத்தப் பாத்தா எனக்குக் கெறக்கம் வந்துரும் மதினி."

ஒரு நாவலில், கிணற்றின் குறுக்கே கிடக்கும் பலகையில் நின்று தண்ணீர் மொள்வது அப்பனின் வழக்கம். மகன் அந்தப் பலகையை அடியில் பாதி அறுத்து வைக்கிறான். சோலையம்மாளின் மாமனாரும் திருவாடானைப் பக்கத்துத் தோட்டக் கிணற்றில் விழுந்து இறந்தவர்தான். கால் தவறியதாகவே எல்லோரும் நம்பியிருந்தார்கள், சோலையம்மாள் உட்பட. பலகை முழுக்க முழுக்க அவருடைய கற்பனை.

புத்தகம் கடைக்கு வந்த வாரமே கணவரின் அண்ணன் பொன்னுச்சாமி வாசலில் நின்றார்.

"ஏத்தா, பலகைய அறுத்த சமாச்சாரம் ஒனக்கு ஆரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. இப்போது அவரேதான் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அய்யனார் கோயிலில் சொந்தபந்தத்தைக் கூட்டிவிட்டார். அய்யா தவறித்தான் விழுந்தார் என்று சோலையம்மாள் எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். செய்தால் பேச்சு அதோடு அடங்கும். மறுத்தால் தம்பி குடும்பத்தோடு ஒட்டுமில்லை, உறவுமில்லை.

கணவர் சேதுராமன் காதோரம் கெஞ்சினார். "அணைச்சிரு புள்ள. அங்கன அம்புட்டுப் பொய் எழுதுற, இங்கன ஒண்ணு சொல்லக் கூடாதா?"

"அது கத மச்சான். இது சாமி."

சூடத்தட்டைக் கையில் எடுத்தார் சோலையம்மாள். நேரே போய்ப் பொன்னுச்சாமி முன்னால் நீட்டினார்.

"மூத்தவுக நீங்க. மொதல்ல நீங்க அணைங்க, பெரிய மச்சான்."

பொன்னுச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். எடுத்து மறுபடி உதறினார். கை தட்டுப் பக்கம் வரவில்லை.

சூடம் தானாக எரிந்து தீரும்வரை சோலையம்மாள் தட்டை நீட்டியபடியே நின்றார்.