நான்கு பேர் தூக்கிய மண் சிப்பாய்

2006 வாக்கில் ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தேன். ஏதோ கண்காட்சிக்காகச் சீனாவிலிருந்து மரப்பெட்டிகள் வந்திறங்கின. ஒவ்வொன்றும் ஆறடி நீளம். உள்ளே ஆளுயர மண் சிப்பாய்கள். உள்வாசலில் ஃபோர்க்லிஃப்ட் நுழையாது. மூலைக்கு ஒருவராக நான்கு பேர் தோளில்தான் தூக்க வேண்டும்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாய் சும்மா இருக்குமா? எப்போதோ பேப்பரில் படித்ததை அவிழ்த்துவிட்டேன். "கிணறு வெட்டுனப்ப கிடைச்சதாம்பா. சீன ராஜா செத்தாலும் காவல் வேணும்னு, ஆயிரக்கணக்குல மண் சிப்பாய் செஞ்சு சமாதி பக்கத்துல புதைச்சிருக்காங்க. அதைத்தான் நாம தூக்குறோம்."

எதிர்மூலையில் இருந்தவர் என் அறைத்தோழர், அறந்தாங்கிப் பக்கம். சட்டென்று நின்றார். "இறக்குங்கண்ணே" என்றார். இறக்கினோம்.

"சமாதிச் சாமானா? என் வீட்டுக்காரி ஏழு மாசம்ணே. புள்ளத்தாச்சி புருஷன் பாடை தூக்கலாமா?"

இரண்டு முறை கலைந்து, கல்யாணமாகி ஒன்பதாவது வருடம் தங்கிய கரு அது. எனக்குத் தெரியும். பதறிப்போய், "அட, இது நகலாத்தான்யா இருக்கும். சும்மா சொன்னேன்" என்றேன்.

"அப்பச் சும்மா சொன்னீங்களா, இப்பச் சும்மா சொல்றீங்களா?"

அசலா நகலா என்று எனக்கே தெரியாது. பெட்டி மேலே இருந்ததெல்லாம் சீன எழுத்து.

சூப்பர்வைசர் வந்துவிட்டார். பெஷாவர்க்காரர். "காம் நஹி? கல் விசா கேன்சல்!" வேலை செய்யாவிட்டால் நாளைக்கே ஊருக்கு அனுப்பிவிடுவாராம்.

"நல்லதாப் போச்சு, பிரசவம் பாக்கப் போயிருய்யா" என்று ஒருவன் கிண்டலடித்தான். நண்பர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பெட்டிகளோடு வந்திருந்த சீனாக்காரர் ஓடிவந்தார். ஐம்பது வயதிருக்கும். எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலமும் அவருக்குத் தெரியாது. வேறு வழியில்லாமல் நடித்துக் காட்டினேன். நண்பரைக் காட்டி, என் வயிற்றுக்கு முன்னால் கையை வளைத்தேன். பெட்டியைக் காட்டி, கண்ணை மூடி நாக்கைத் தொங்கவிட்டேன். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சீனாக்காரர் சிரிக்கவில்லை. நண்பர் முகத்தை உற்றுப் பார்த்தார். வெள்ளைக் கையுறையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நண்பரின் மூலையில் வந்து குனிந்தார். சிதறிக் கிடந்த தெர்மோகோலை நண்பருக்குக் காட்டி, பெருக்கு என்று சைகை செய்தார். சரக்குக்காரரே தோள் கொடுக்கும்போது சூப்பர்வைசர் என்ன பேசுவார்? "கலாஸ்", அதாவது விஷயம் முடிந்தது என்று அரபியில் முனகிவிட்டு நகர்ந்தார்.

கடைசிப் பெட்டிவரை சீனாக்காரரே தூக்கினார். கிளம்பும்போது நண்பர் கையில் ஒரு சின்னத் தைலக் குப்பியைத் திணித்து, வயிற்றைத் தட்டிக் காட்டிவிட்டு வண்டி ஏறினார்.

"வயித்துல தடவச் சொல்றார்ணே. எனக்கா, அவளுக்கா?"

இருவரும் திருதிருவென்று முழித்தோம். என் நடிப்பில் அவருக்குப் புரிந்தது கர்ப்பமா, வயிற்றுவலியா? இல்லை, அவர் ஊரிலும் இப்படியொரு வழக்கம் உண்டோ? கேட்கப் பாஷை இல்லை.

இரண்டு மாதத்தில் நண்பருக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்தச் சிப்பாய்கள் அசலா நகலா என்பது மட்டும் இன்றுவரை தெரியாது. காரணம் புரிந்தால்தான் தோள் கொடுப்பேன் என்று அந்த மனிதர் காத்திருக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, "என்னால முடியாது" என்று யாராவது சுமையை இறக்கினால், ஏன் என்று கேட்பதற்கு முன்பே இப்போதெல்லாம் என் கை அந்த மூலைக்குப் போய்விடுகிறது.