செருப்பை எங்கே விடுவீர்கள்?

என் மனைவி மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மாடியில் பாட்டு வகுப்பு நடத்திவந்தாள். வகுப்புக்கான இணையதளத்தை நான் அமைத்தேன். முதல் பக்கத்திலேயே அவளுடைய மின்னஞ்சல் முகவரியைப் போட்டேன். சில மாதங்களில் கடன் தருகிறோம், தேடலில் உங்கள் தளத்தை முதலிடத்துக்குக் கொண்டுவருகிறோம் என்று குப்பை அஞ்சல்கள் குவிந்தன.

தானியங்கி நிரல்கள் படித்தெடுக்க முடியாதபடி முகவரியை எழுத்தாக இல்லாமல் படமாக வைத்தேன். பயனில்லை. அதற்குள் அது யார் யார் கைக்கோ போய்விட்டிருந்தது. பிறகு முகவரியை எடுத்துவிட்டு, புதிய முகவரிக்குப் போய்ச் சேரும் ஒரு படிவத்தை வைத்தேன். அனுப்பும் முன் ஒரு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும்: வகுப்புக்கு வந்தால் செருப்பை எங்கே விடுவீர்கள்?

மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர் மோட்டார் பக்கத்தில். பதிலில் 'மோட்டார்' என்ற சொல் இருந்தால் போதும், படிவம் போய்விடும். புதிய முகவரிக்குக் குப்பை வரவில்லை. புதிதாகச் சேர விரும்பியவர்களின் கடிதங்களும் வரவில்லை.

அவள் காபியை மேஜையில் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். "ஏன்னா, புதுசா சேர வரவாளுக்கு நம்மாத்து மோட்டார் எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்?" என்றாள்.

கேள்வியை அவளே மாற்றினாள். ஸ, ரி, க, ம. அடுத்தது என்ன?

ஆவணியில் அவள் இறந்தாள். உறவினர்களுக்கெல்லாம் மகள்தான் தொலைபேசியில் சொன்னாள். பழைய முகவரிக்குக் குப்பை வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றும் அவள் பெயரைச் சொல்லி நலம் விசாரித்துத் தொடங்கும். காலையில் காபி குடித்ததும் அழித்துவிடுவேன். அது எளிது. படிவம் வழியாக வந்தவை வேறு. பெண்ணைச் சேர்க்க வேண்டும், எந்தக் கிழமை வரலாம் என்று கேட்டார்கள். பதிலாக எழுத வேண்டியது ஒரே வாக்கியம். எழுதவில்லை.

அடையாறிலிருந்து வந்த மகள், "சைட்டையே மூடிடுப்பா" என்றாள். சரி என்றேன். மூடவில்லை. இப்போது வகுப்புகள் இல்லை என்று ஒரு வரி சேர்த்தேன். காரணம் எழுதவில்லை. படிவத்தில் என்னுடைய பழைய கேள்வியைத் திரும்ப வைத்தேன். அதன் பிறகு யாரும் எழுதவில்லை.

மார்கழியில் ஒன்று வந்தது. கேள்விக்கான இடத்தில், 'மோட்டார் பக்கத்துல. மழை பெஞ்சா மேல் படியில' என்று இருந்தது. மழைநாளில் அங்கே தண்ணீர் தேங்கும். அதை நான் மறந்திருந்தேன். கீழே கடிதம்: 'மாமி, கச்சேரி கேட்க ஊருக்கு வந்திருக்கேன். ஒருநாள் ஆத்துக்கு வந்து உங்களைப் பார்க்கலாமா?'

மாமி ஆவணியில் இறந்துவிட்டாள் என்று எழுதினேன். ஒருமுறை படித்துப் பார்த்தேன். பிழை இல்லை. அடுத்த வரியில், வீட்டுக்கு வரலாம், மாலையில் இருப்பேன் என்று சேர்த்து அனுப்பினேன்.

பிறகு கீழே போய், மோட்டார் பக்கத்தில் அடுக்கியிருந்த பழைய செய்தித்தாள்களை எடுத்து வேறிடத்தில் வைத்தேன்.