ஈரக் கழிவு

அறிவுச்செல்வி திண்டுக்கல்லில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் நிரல் எழுதுகிறாள். தம்பி கல்லூரிக்குப் போவது அவள் சம்பளத்தில்தான். அப்பா முத்துச்சாமி சாணார்பட்டிப் பக்கம் மல்லிகை போட்டிருக்கிறார். பூவைக் கொண்டுபோய் இறக்குவது வேலுசாமியின் கமிஷன் கடையில். அந்தக் கடைக்கு எடை நிரலும் பில் நிரலும் போட்டுக்கொடுத்தது அவளுடைய நிறுவனம்.

கடைக்குக் கீபோர்டு மாற்றப் போன இடத்தில்தான் அவள் கண்ணில் பட்டது. தராசின் சிவப்பு எண் கடைக்காரர் பக்கமாக எரியும்; விவசாயி பார்ப்பது பில்லை மட்டும். இரண்டும் ஒத்துப்போகவில்லை; பில்லில் எடை குறைந்திருந்தது.

நிரலைப் பிரித்துப் பார்த்தாள். ஒரே கணினிக்குள் இருக்கும் இரண்டு நிரல்களை, முன்பு எழுதியவன் நெட்வொர்க் வழியாகப் பேச விட்டிருந்தான். கடை வைஃபையில் இருக்கும் எந்த போனும் எடையைக் குறைக்கச் சொல்லி ரிக்வெஸ்ட் அனுப்பலாம். யாரென்று கேட்காமல் எடை நிரல் தலையாட்டும். எவனோ ஒரு களவாணியின் வேலை என்று நினைத்தாள். வேலுசாமியை நினைக்கவேயில்லை.

பைத்தானில் மாற்றி எழுதிக் கடைக் கணினியில் போட்டாள். இரண்டு நிரல்களும் பேசிக்கொள்ளும் அதே எச்டிடிபி ரிக்வெஸ்ட்தான். இனி நெட்வொர்க்குக்குப் போகாமல், கணினிக்குள்ளேயே ஒரு லோக்கல் சாக்கெட் கோப்பின் வழியாகப் போகும். வெளியிலிருக்கும் போனுக்கு அங்கே வாசலே கிடையாது.

மறுநாள் முதலாளி பிராங்கிளின் அவளைக் கடைக்குக் கூட்டிப்போனார்.

“ஏத்தா, எம்போன்ல ஈரக் கழிவு போட முடியலயே?” என்றார் வேலுசாமி.

“நீங்களா போடுறீக, அண்ணாச்சி?”

“தண்ணியத் தெளிச்சுக் கொண்டாரான். தண்ணிக்கும் வெல குடுக்கச் சொல்றியா?”

“அப்ப பில்லுல காட்டிக் கழிக்கலாம்ல?”

“காட்டுனா கத்துவாய்ங்கள்ல!” சிரித்தார்.

பிராங்கிளின் குரலைத் தாழ்த்தினார். “பழசையே போட்டுவிடு செல்வி. இல்லேன்னா நாளைக்கு நீயும் பூப்பறிக்கப் போகலாம்.”

வெளியே சாக்கோடு நின்றவர்களில் அப்பாவும் இருந்தார். அவள் பழையதைப் போட்டாள். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

அப்பாவின் பூ தராசில் ஏறியது. சிவப்பு எண்ணைப் பார்த்தாள். வேலுசாமியின் கட்டைவிரல் போனில் நகர்ந்தது. பில் இறங்கி வந்தது.

“வீட்ல நிறுத்தப்ப ஒம் பூவு கூடுதலா இருந்துச்சேப்பா” என்றார் பின்னால் நின்ற பக்கத்துத் தோட்டத்துப் பொன்னுத்துரை.

“வீட்டுத் தராசு கெடக்குது, போப்பா. இது எம்மக போட்ட மிஷினு. தப்புமா?”

அப்பா அவளைப் பார்த்துச் சிரித்தார். அவள் பிரிண்டரிலிருந்து பில்லைக் கிழித்தெடுத்து அவர் கையில் கொடுத்தாள்.