டாக்டர் காட்டிய வீடியோ

அவர் பிழைப்பே கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா விட்டு அடைப்பைக் கண்டுபிடிப்பது. எதையும் லேசில் நம்பமாட்டார். முதுகெலும்புத் தட்டு பிதுங்கி நரம்பை நசுக்குகிறது என்று ஸ்கேன் சொன்னபோதுகூட, வேறோர் இடத்தில் மறுபடி எடுத்த பிறகுதான் தன் வலியையே ஒப்புக்கொண்டார்.

"ரெண்டு வழி இருக்கு," என்றார் டாக்டர். "சின்னத் துளை போட்டு கேமராக் குழாய் விட்டு எடுக்கலாம். இல்லேன்னா கொஞ்சம் பெரிசாக் கீறி, மைக்ரோஸ்கோப்ல பார்த்து எடுக்கலாம். துளைன்னா சீக்கிரம் எழுந்து நடக்கலாம். ஒரு வருஷம் போனா ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான்."

இரண்டும் ஒன்று என்று எந்த வியாபாரி சொல்வான்? அவருக்கு எங்கோ இடித்தது. டாக்டர் துளை ஆபரேஷன் வீடியோவைப் போட்டார்.

"இது யார் முதுகு?"

"வேற ஒருத்தரோடது. எல்லாருக்கும் இதைத்தான் காட்டுவேன்."

"அப்ப மைக்ரோஸ்கோப்பே போதும்," என்று விருட்டென எழுந்தவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

வெளியே வந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள். "அவர்தான் ஒளிக்காம உண்மையச் சொன்னாரே?"

"அதான் உதைக்குது. நான் ஒரே அடைப்பு வீடியோவை ஊர் பூரா, 'உங்க வீட்டுக் குழாய்தான்'னு சொல்லித்தானே காட்டறேன்! கேட்டதும் ஒத்துக்கறார்னா, இதைவிடப் பெரிசா எதையோ மறைக்கிறார்."